முற்றத்தின் நடுவே ஒரு சுவர்

கீழே பள்ளிக்கூடம், மேலே வீடுகள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு முற்றம். இப்படி ஒரு கட்டிடத்தை வரைந்தவர் ஸ்டெல்லா. அவரிடம் தொழில் கற்க வந்த பூவராகன் அவரைவிட வயதில் மூத்தவர். பயத்திலும்தான்.

"மேடம், வீடு வாங்குறவங்க முற்றத்து நடுவுல சுவர் கேக்குறாங்க. பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து போறதுக்குத் தனி வாசல் வேணுமாம். என்ன செய்யறது?"

"போட்டுப் பார்ப்போம். சுண்ணாம்புப் பொடி எடுத்துட்டு வாங்க."

தூண்கள் மட்டும் எழும்பியிருந்த மனையில் பூவராகன் வெள்ளைக் கோடு இழுத்தார். கட்டிடத்துக்குப் பணம் போடும் வீடு வாங்குவோர் சங்கத்தின் செயலாளர் கோதண்டத்துக்கு ஏக மகிழ்ச்சி.

"இதைத்தானேம்மா நான் தலையால அடிச்சுக்கிட்டேன்!"

"உங்க பேத்தி எங்கே படிக்கப் போறா சார்?" என்றார் ஸ்டெல்லா.

"இங்கேதான். லிஃப்ட்ல இறங்கினா வகுப்பு. அதுக்குத்தானே வீடே வாங்குறேன்!"

"அப்போ லிஃப்ட் வரப்போற இடத்துலேருந்து வகுப்புக்கு நடந்து காட்டுங்க. கோட்டைத் தாண்டக் கூடாது. அது சுவர்."

கோதண்டம் கோடுவரை வந்து நின்றார். வகுப்பறை வரப்போகும் இடம் எதிரிலேயே இருந்தது. முனகிக்கொண்டே திரும்பி, வீட்டுப் பக்க வாசல் வழியாக வெளியேறி, பஸ் உரசிப் போகும் சாலையோரம் நடந்து, சந்து வழியாகச் சுற்றிப் பள்ளிக்கூட வாசலில் நுழைந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சிலருக்கு வெயில் சொன்னால்தான் மண்டையில் ஏறும்.

"சரி, சுவர்ல ஒரு கதவு வைங்க. எங்க பிள்ளைங்களுக்கு மட்டும். சாவி எங்ககிட்ட இருக்கட்டும்."

ஏறவில்லை.

ஸ்டெல்லா காலால் கோட்டை அழித்தார். "சுவரும் கிடையாது, கதவும் கிடையாது."

"அப்போ வேலையும் கிடையாது!" கோதண்டம் பூவராகன் பக்கம் திரும்பினார். "நீங்க வரைஞ்சு கொடுங்க சார். உங்க பேர்லயே கட்டிடம். சாயங்காலம் சொல்லுங்க." விறுவிறுவென்று போய்விட்டார்.

பூவராகன் பெயரில் அதுவரை ஒரு மாட்டுக்கொட்டகைகூட எழும்பியதில்லை.

"மேடம்... நான் வரையலேன்னா இன்னொருத்தன் வரையத்தானே போறான்?"

"வரையட்டும்" என்றார் ஸ்டெல்லா. "அவன் என்கிட்ட படிச்சவனா மட்டும் இருக்க வேண்டாம்."