பதினாறு பேரில் ஒருவர்

நாச்சிமுத்து மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. பவானியில் ஒரு மாவு மில்லின் மாடியில் தியானம் சொல்லிக்கொடுத்து வந்த மரகதத்திடம் இரண்டு வருடமாகச் சீடர். மரகதத்துக்கு முப்பத்தாறு வயதுதான். இவர் அவரை அம்மா என்பார். அவர் இவரை அண்ணா என்பார்.

அன்று மாலை மூன்றரை மணிக்கு, வகுப்பில்லாத நேரத்தில், படியேறி வந்தார். செருப்பைக் கழற்றக்கூட மறந்திருந்தார்.

"அம்மா, அஞ்சு மணிக்குள்ள ஒரு பட்டனை அமுக்கோணும். அமுக்கலாமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லோணும்."

"என்ன பட்டன்?"

செல்போனை நீட்டினார். ஓய்வுப் பணத்தில் ஆறு லட்சத்தை அவர் ஒரு ஆப்பில் போட்டிருந்தார். பேங்கில் கடன் கிடைக்காத சிறு வியாபாரிகளுக்கு, எங்கெங்கோ இருப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து கடன் கொடுக்கும் ஆப். அவர் பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு வீதம் இருநூற்று நாற்பது பேருக்குப் போயிருந்தது. முதல் வருடம் வட்டி ஒழுங்காக வந்தது. உதவியும் ஆயிற்று, வருமானமும் ஆயிற்று என்று மனுஷன் சந்தோஷமாக இருந்தார். மூன்று மாதமாகத் தவணை நின்று, ஒவ்வொரு பெயராகச் சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு இந்த அறிவிப்பு. 'கீழ்க்கண்டவரிடம் நேரடி வசூலுக்குச் சம்மதம் தருகிறீர்களா? இல்லையெனில் உங்கள் பங்குக்கு நிறுவனம் பொறுப்பாகாது.' கீழே ஒரு பெண்ணின் படம். கிரைண்டர் பக்கத்தில் நிற்கிறாள். தெய்வானை, மாவு வியாபாரம், அந்தியூர்.

"நேரடி வசூல்னா என்னண்ணா?"

"தெரியலீங்கம்மா."

"இவங்களைத் தெரியுமா?"

"போட்டோவுல பாத்ததுதானுங்க."

மரகதம் எழுந்தார்.

"வண்டியை எடுங்க."

அந்தியூர் போய், மாவு விற்கிற தெய்வானை என்று இரண்டு இடத்தில் விசாரித்ததில் வீடு தெரிந்துவிட்டது. ஓட்டு வீடு. வாசலில் ஒரு பைக். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். இன்னொருவன் கையில் செல்போனோடு நின்றான். படத்தில் பார்த்த பெண் சுவரோரம் நின்றிருந்தாள். கையில் மாவு காயாமல் இருந்தது.

"தம்பி, மாப்பிள்ளைக்கு மட்டும் அனுப்பாதீங்க. பொண்ணுக்குக் கல்யாணமாகி நாலு மாசந்தான் ஆச்சு."

"அப்ப இன்னைக்குக் கட்டு" என்றான் உட்கார்ந்திருந்தவன்.

"கட்டிட்டேனுங்க. பதினொரு மாசம் கட்டியிருக்கறேன். ரசீது இருக்குது."

"எங்க லிஸ்ட்ல நாலு மாசம் கட்டுனதாத்தான் இருக்கு."

நின்றவன் செல்போனைத் திருப்பிக் காட்டினான். ஆப்பைப் போட்ட அன்றே அவள் போனில் இருந்த அத்தனை நம்பரும் கம்பெனிக்குப் போயிருந்தன. 'மாப்பிள்ளை' என்ற பெயர் திரையில் தெரிந்தது. கூடவே தெய்வானையின் படம், அதன்மேல் சிவப்பு எழுத்தில் 'மோசடி'.

உட்கார்ந்திருந்தவன் வாசலைப் பார்த்தான்.

"நீங்க யாரு?"

மரகதம் நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

தெய்வானையும் அவரைத்தான் பார்த்தாள்.

"சும்மா... தெரிஞ்சவங்க" என்றார் நாச்சிமுத்து.

"தெரிஞ்சவங்கன்னா நீங்க கட்டுங்க. இல்லீன்னா ஒதுங்கி நில்லுங்க." மற்றவன் பக்கம் திரும்பினான். "அனுப்புடா."

விரல் திரையைத் தொட்டது.

"நிறுத்துப்பா!" என்று கத்திக்கொண்டு நாச்சிமுத்து உள்ளே ஓடினார். "கடன் குடுத்தவன் நாந்தான். எனக்கு வேண்டாம். விட்டுடுங்க அவங்களை!"

நின்றவன் சிரித்தான்.

"இந்த லோனுக்கு உங்களை மாதிரி பதினாறு பேர் பணம் போட்டிருக்காங்க, சார். பன்னெண்டு பேர் மத்தியானமே சம்மதம் அமுக்கிட்டாங்க. நீங்க விட்டா உங்க ரெண்டாயிரத்து ஐந்நூறுதான் போகும். வசூல் நிக்காது."

"அந்த மெசேஜ்..."

"போயிடுச்சு சார்."

தெய்வானை உள்ளே போய் ஒரு கேரி பேக்கைக் கொண்டுவந்து நாச்சிமுத்துவின் கையில் வைத்தாள். மாதாமாதம் வசூலுக்கு வந்த கம்பெனி ஆள் கையெழுத்துப் போட்ட ரசீதுகள். அவர் எண்ணிப் பார்த்தார். பதினொன்று இருந்தது.

மரகதம் முதல்முறையாக வாய் திறந்தார். "தம்பி, இந்த ரசீதைப் பாத்தோம்னு ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்களுக்கு வர்ற லிஸ்ட்டைத்தாங்க நாங்க பாப்போம்" என்று முனகிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள்.

தெய்வானை மருமகனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை, சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அவள் அழவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மரகதம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாச்சிமுத்து ரசீதுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். போலீசில் புகார் கொடுக்க உதவும் என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி ஆப்பைத் திறந்தார். பெயர்கள் இல்லை. கணக்கு இல்லை. 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்று ஒரே ஒரு வரி. அந்த வரி அதற்குப் பிறகு மாறவேயில்லை. பின்னால் போலீஸ் புகாரை விசாரித்தபோது, கம்பெனி முகவரியில் பூட்டிய ஷட்டர்தான் இருந்தது.

ஆனால் அன்று, அந்த டீக்கடையில் நிற்கும்போதே, நாச்சிமுத்துவுக்கு விளங்கிவிட்டது.

"ஆறு லட்சமும் போச்சுங்கம்மா."

மரகதம் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே முகந்தெரியாத ஆளுக்கு ஒத்தப் பைசா குடுக்க மாட்டேன். கண்ணால பாத்துட்டேன். இந்தப் பாடம் போதுமுங்களா?"

மரகதம் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்த மாப்பிள்ளைகிட்ட உண்மையை யாரு போய்ச் சொல்றது? அவங்க பொண்ணை எந்த ஊர்ல கட்டிக் குடுத்திருக்காங்கன்னு கேட்டீங்களாண்ணா?"

நாச்சிமுத்து வந்த வழியே வண்டியைத் திருப்பினார்.