பச்சை மூடி, வெள்ளை மூடி

அருளப்பனுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அரசு கால்நடை மருத்துவராகப் பல ஊர் பார்த்தவர், இப்போது ஆராய்ச்சி மாணவர். அவருடைய வழிகாட்டியான பேராசிரியை மெஹருன்னிசா அவரைவிட வயதில் இளையவர். ஆசிரியை மாணவரை 'சார்' என்பார். மாணவர் ஆசிரியையை 'மேடம்' என்பார்.

நாய்களுக்கு வரும் சொறிக்கு, குப்பைமேனி இலையிலிருந்து அருளப்பன் ஒரு களிம்பு செய்திருந்தார். கடை மருந்தைவிட அது நன்றாகக் கேட்கிறது என்று நிரூபித்தால் பட்டம் கிடைக்கும். பட்டத்தைவிட, பெற்ற பிள்ளைமேல் இருப்பதுபோல அந்தக் களிம்பின்மேல் அவருக்குப் பாசம்.

சோதனையைத் தொடங்கும் முன் மெஹருன்னிசா சொன்னார்:

"எந்த நாய்க்கு எந்த மருந்துன்னு உங்களுக்குத் தெரியக் கூடாது சார்."

அருளப்பனின் முகம் சுருங்கியது.

"இத்தனை வருஷ சர்வீஸ் மேடம். என்மேல நம்பிக்கை இல்லையா?"

மெஹருன்னிசா எழுந்தார். உள்ளே போய் இரண்டு டப்பாக்களோடு வந்தார்.

"நிறமும் வாசனையும் ஒரே மாதிரி ஆக்கியிருக்கேன். பச்சை மூடி உங்க களிம்பு. வெள்ளை மூடி கடை மருந்து. சோதனையை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல ஒரு சில நாய்க்குப் போட்டுப் பாருங்க."

அருளப்பன் உற்சாகமாக வாங்கிக்கொண்டார்.

சில வாரங்கள் போயின. இட்லிக் கடை சகாயமேரி தன் நாய் புல்லட்டோடு வந்தாள். புல்லட்டுக்கு வெள்ளை மூடி.

"டாக்டரய்யா, இவன் இப்பல்லாம் சொறியறதே இல்ல. பாருங்க, முடிகூட முளைச்சிருக்கு."

"வெயில் குறைஞ்சிருக்குல்லம்மா, அதனால இருக்கும்" என்றார் அருளப்பன்.

அடுத்து வந்தது பச்சை மூடி போட்ட டாமி. மேசையில் ஏற்றியதுமே பின்னங்காலால் காதைப் பரபரவென்று சொறிந்தது.

"புண்ணு ஆறிடுச்சு. இது சும்மா பழக்கத்துல சொறியுது" என்று அதை வளர்ப்பவரிடம் சொல்லிவிட்டு, 'நல்ல முன்னேற்றம்' என்று குறித்துக்கொண்டார்.

பக்கத்து அறையில் மெஹருன்னிசா சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசி நாயும் போனதும் அருளப்பன் ஓடி வந்தார்.

"மேடம், பச்சை மூடி ஜெயிச்சிடுச்சு!"

"ரெண்டு டப்பாவிலயும் கடை மருந்துதான் சார்."

அருளப்பன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். பச்சை மூடியைத் திறந்து முகர்ந்தார். வெள்ளை மூடியைத் திறந்து முகர்ந்தார்.

"அப்போ நான் பொய் எழுதிட்டேனா?"

"பொய் எழுத உங்களுக்கு வராது சார். கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதினீங்க."

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று மெஹருன்னிசா பயந்து எழுந்தார்.

"அந்த டாமி காது பிஞ்சு போற மாதிரி சொறிஞ்சான் மேடம்!" அருளப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். "என் கண்ணு முன்னாடியே சொறிஞ்சான். பழக்கம்னு சொல்லிட்டேன்!"

இரண்டு பேரும் சிரித்த சத்தத்தில் வராந்தாவில் போன அட்டெண்டர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

மறுநாள் சோதனைக்கான புது டப்பாக்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே நிற மூடி. மேலே எண் மட்டும் இருந்தது.

"இந்தத் தடவை உண்மையாவே என் களிம்பும் இருக்கா மேடம்?"

"இருக்கு."

"எதுலன்னு கேக்க மாட்டேன். அது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

"எனக்கும் தெரியாது. மருந்துக் கூடத்து வேதவல்லி கலந்து எண் போட்டாங்க. முடியற வரைக்கும் என்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டேன்."

அருளப்பன் புரியாமல் பார்த்தார்.

"நான் களிம்பு செஞ்சவன், எனக்கு மறைக்கறது சரி. உங்களுக்கு எதுக்கு மேடம்?"

மெஹருன்னிசா டப்பாக்களை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அது ஜெயிக்கணும்னு உங்களைவிட எனக்கு ஆசை சார்."