பிடிவாதத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர்

வெள்ளைக்காரத் துரைமார் கடற்கரைப் பட்டணத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட அந்தக் காலத்தில், ஆலங்கோட்டை என்ற சின்னச் சமஸ்தானத்தை முத்துவிஜய பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். என்ன, காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது. புகழ்ச்சி மட்டும் எந்த வேளையிலும் பிடிக்கும்.

ஒருமுறை கலெக்டர் துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "மேக்னானிமஸ்" என்று சொல்லிவிட்டார். "மகாராஜா பெருந்தன்மை உள்ளவராம்" என்று துபாஷி கோதண்டம் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். ராஜாவுக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

"இதைத்தானே மகாராஜா, நாங்களும் வெகுகாலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?" என்றார் பிரதானி ஆவுடையப்பர்.

"நீர் தமிழில் அல்லவா சொன்னீர், ஓய். துரை வாயால் வந்தால் அதன் பவிசே தனி."

அன்று பிடித்தது வினை. ராஜா தினமும் சபையில் தம் பிரதாபம் ஒன்றைச் சொல்லுவார். அந்தக் குணத்துக்குத் துபாஷி ஒரு இங்கிலீஷ் வார்த்தை எடுத்துக் கொடுப்பார். கட்டியக்காரன் நாக்குச் சுளுக்கிக்கொள்ள அதைக் கூவுவான். துபாஷியின் தோளில் ஒரு சால்வை ஏறும்.

"வேட்டைக்குப் போன இடத்தில், ஆபத்து வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து உயரமான இடத்துக்குப் போய்விட்டேன்" என்றார் ராஜா ஒருநாள்.

"அந்தக் குணத்துக்கு ப்ரூடென்ட் என்று பெயர், மகாராஜா. முன்யோசனைக்காரர் என்று அர்த்தம்."

"என் மைத்துனர் வந்து தங்கியபோது, அரண்மனைப் பண்டம் ஒரு துளிகூட வீணாகாமல் பார்த்துக்கொண்டேன்" என்றார் இன்னொருநாள்.

"ஃப்ரூகல். சிக்கனத்தில் சிறந்தவர்."

வேட்டையிலும் விருந்திலும் கூடவே இருந்தவர் பிரதானி. உண்மையில் நடந்தது என்ன என்று அவருக்குத் தெரியும். வெற்றிலையை வாய் நிறையப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். ராஜாவின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்ற எண்ணம்தான்.

ஆனால் ஏரி விஷயத்தில் அவரால் அப்படி இருக்க முடியவில்லை. கலெக்டர் துரை ஆலங்கோட்டைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். துரையோடு ஏரியில் படகு விடவேண்டும், அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகக்கூடாது என்று ராஜா மதகை அடைத்துவிட்டார். வயலிலோ கதிர் வாங்குகிற பயிர் வாடி நிற்கிறது. மதகைத் திறக்கவேண்டும் என்று பிரதானி கேட்டார். மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் வந்து நின்றார்.

துபாஷிக்குப் பிரதானியின் விரலில் இருந்த முத்திரை மோதிரத்தின் மேல் வெகுநாளாகக் கண். ராஜாவின் காதோரம் குனிந்து, "இந்தக் குணத்தை இங்கிலீஷில் அப்ஸ்டினேட் என்பார்கள். பிடிவாதக்காரன் என்று அர்த்தம். சீமையில் இப்படிப்பட்ட ஆளை ஒருநாள்கூட மந்திரியாக வைத்திருக்கமாட்டார்கள்" என்றார்.

சீமை வழக்கம் என்றதும் ராஜாவுக்குக் கேட்கவேண்டுமா? "பிரதானியாரே, மோதிரத்தைக் கழற்றி வையும்" என்றுவிட்டார்.

ஆவுடையப்பருக்கு மனம் வலித்தது. மோதிரம் போகட்டும், பதவியும் போனால் ஏரித் தண்ணீருக்காகப் பேச ஒருவரும் இல்லையே. மோதிரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"தருகிறேன் மகாராஜா. அதற்கு முன்னால் ஒரு ஆளுடைய குணத்தைத் துபாஷியார் எடை போட்டுச் சொல்லட்டும். சபையும் கேட்கட்டும்."

பிரதானி தம் கதையைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்துத் துபாஷி சிரித்துக்கொண்டார். "தாராளமாகச் சொல்லும்."

"அந்த ஆள் காட்டுக்குப் போனார். புதருக்குள் பன்றி உறுமியது. வேல்கம்பைக் கீழே போட்டுவிட்டு மரத்தில் ஏறியவர், முசுறு எறும்பு கடித்தும் பொழுது சாயும்வரை இறங்கவில்லை."

"கவர்ட்லி. சுத்தக் கோழை."

ராஜாவின் கை மீசையை முறுக்கிக்கொண்டிருந்தது. அது பாதியில் நின்றது.

"அவர் வீட்டுக்கு உறவுக்காரர் ஒருவர் வந்து தங்கினார். பந்தியில் பெரிய நெய்க் கரண்டியை எடுத்துவிட்டு, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற கரண்டியைப் போடச் சொன்னார்."

"மைசர்லி. ஈயாத கஞ்சன். சொல்லவே கூசுகிறது."

ராஜாவின் காது சிவந்தது. பிரதானி அதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"ஏரித் தண்ணீர் விஷயத்தில் யார் சொன்னாலும் கேட்காமல் பிடித்த பிடியாக நிற்கிறார்."

"அதுதான் முன்பே சொன்னேனே, அப்ஸ்டினேட். கோழை, கஞ்சன், பிடிவாதக்காரன். இப்படிப்பட்டவரை மனிதர் என்றே சொல்லக்கூடாது."

"நான் அப்படிச் சொல்லமாட்டேன், துபாஷியாரே" என்றார் பிரதானி. "பன்றிக்குப் பயந்தார், நெய்யை மிச்சம் பிடித்தார், வீம்பும் உண்டுதான். ஆனால் ஊரில் பசி என்று ஒருவர் வந்து நின்றால் அவருக்கு உறக்கம் வராது. அதைப் பார்த்துத்தான் இத்தனை காலமும் அவரிடம் வேலை பார்க்கிறேன். அவர் நல்லவர். இதற்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியாது."

ராஜா சிம்மாசனத்தில் நெளிந்தார். பிறகு பிடரியைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டார்.

"அந்த முசுறு கடித்த தடிப்பு இன்னும் இருக்கிறது, ஓய்" என்றார்.

துபாஷியின் முகத்தில் ஈயாடவில்லை. தோளில் இருந்த சால்வை தானாக நழுவிக் கீழே விழுந்தது.

"மோதிரத்தைப் போட்டுக்கொள்ளும், பிரதானியாரே. கையோடு போய் மதகைத் திறந்துவிடும்" என்றார் ராஜா. "துபாஷி, துரை வந்து படகு எங்கே என்று கேட்டால் நீரே சேற்றைக் காட்டிப் பதில் சொல்லும். அது கிடக்கட்டும். காலையில் ஒரு உத்தரவு போட்டு, மாலையில் அதையே மாற்றுகிற குணத்துக்கு இங்கிலீஷில் என்ன பெயர்?"

துபாஷி ராஜாவைப் பார்த்தார், பிரதானியைப் பார்த்தார்.

"மகாராஜா மன்னிக்கவேண்டும். மாற்றியது யார் என்று முதலில் சொல்லிவிட்டால்..."

சபை சிரித்த சிரிப்பில் அவருடைய மிச்சப் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. அந்த வருஷம் ஆலங்கோட்டையில் நல்ல விளைச்சல். கட்டியக்காரனும் பழையபடி தமிழிலேயே கூவினான், அவன் நாக்கும் பிழைத்தது.