ஓட்டம் முடிந்தபின் தராசு

அந்தக் காலத்தில் குதிரைகள் பேசும். ஏறியவன் வலிக்க உதைத்தால் திட்டவும் செய்யும்.

ஒரு கடுங்கோடையில் ஆறு வற்றி, ஒரே ஓர் ஊற்று மிஞ்சியது. வடகரைக் குதிரைகள் முதலில் குடிப்பதா, தென்கரைக் குதிரைகள் குடிப்பதா என்று சண்டை வந்தது. பின்னால் போகிறவற்றுக்குச் சேறுதான் மிஞ்சும். ஆற்று மணலில் பந்தயம் வைத்து, ஜெயிக்கும் கரைக்கு முதல் தண்ணீர் என்று பேசி முடித்தார்கள்.

சீராயியை நடுவராக இரு கரையும் ஏற்றன. அவள் வடகரைக்காரி. வடகரையின் செவலைக் குதிரையில் ஏறப்போகும் வீரணன் அவளுடைய சொந்தத் தம்பி. ஆனாலும் தென்கரையில் ஒருவரும் மறுக்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள்.

தென்கரைக் குதிரையோட்டி பருமனான ஆள், வீரணன் ஒல்லி. இரண்டு குதிரைக்கும் சுமை ஒன்றாக இருக்க வேண்டும் என்று சீராயி புளியமரத்தில் பெரிய தராசு கட்டினாள். வீரணனின் சேணத்தில் மணல் பையைத் தொங்கவிட்டு எடையைச் சமமாக்கினாள்.

"அந்த ஆளு தின்ன களிக்கு நான் மணல் சுமக்கணுமாக்கும்!" என்று வீரணன் முனகினான்.

"நீ எங்கடா சுமக்கிறே? நானில்ல சுமக்கிறேன்" என்றது செவலை. இரு கரையும் சிரித்தது.

ஓட்டம் தொடங்கியது. நாணல் மறைத்த வளைவுவரை இரண்டும் தோளோடு தோளாக ஓடின. வளைவைத் தாண்டி வெளிப்பட்டபோது செவலை வெகுதூரம் முன்னால் இருந்தது. அதுவே முதலில் எல்லையைத் தொட்டது. சீராயி வெற்றித் துணியை உயர்த்தப் போனாள்.

"பொறு ஆத்தா" என்றது செவலை, மூச்சு வாங்கியபடி. "வளைவுல என் முதுகு லேசாயிடுச்சு."

வீரணன் முகம் வெளுத்தது. "வாயை மூடு! உன் குட்டி தாகத்துல கிடக்கு, தெரியுமில்ல?"

"தெரியும். அந்தக் கரையிலயும் குட்டிங்க இருக்கு."

சீராயி தம்பியைப் பார்த்தாள். "வா. தராசுல ஏறு."

"ஓடறதுக்கு முன்னாடியே எடை போட்டாச்சேக்கா!"

"சேணத்தோட ஏறுடா."

எதிர்த் தட்டில் தென்கரைக் குதிரையோட்டி நிற்க, அவன் ஏறிய தட்டு தாழவே இல்லை. பையில் ஒரு பிடி மணல்கூட இல்லை. ஆற்று மணலில் கொட்டிய மணலை எந்தக் கண் பிரித்துப் பார்க்கும்? சீராயி துணியைத் தென்கரைக்கு உயர்த்தினாள்.

செவலையின் குட்டி அன்று கலங்கல் தண்ணீர்தான் குடித்தது. செவலை அதன் பக்கத்தில் தலை தொங்க நின்றது.

"என்னைத் தினம் தேய்ச்சுக் குளிப்பாட்டினவன் ஆத்தா அவன். அவனைப் போய் காட்டிக் கொடுத்துட்டேனே."

சீராயி அதன் கழுத்தைத் தடவினாள். "இனி உங்க யாரையும் அந்த நிலைமைக்கு விடமாட்டேன். நான் தராசையே கேட்டுக்கிறேன்."

அன்றைக்குத் தொடங்கியதுதான் குதிரைப் பந்தயங்களில் இந்த வழக்கம். எல்லையை முதலில் தொட்டவனும் தன் சேணத்தைத் தானே அவிழ்த்துத் தூக்கிப் போய்த் தராசில் ஏறுகிறான். எடை சரியாக நிற்கும்வரை அவன் ஜெயித்ததாக யாரும் அறிவிப்பதில்லை. குதிரை அப்பால் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அதனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.