தழும்பில்லாத முகம்

வருஷக் கணக்கெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். ரயில் வண்டி பிறக்காத காலம், அவ்வளவுதான். ஐரோப்பாவில் ஒரு குளிர் தேசம், அதிலே ஒரு கிராமம், அந்தக் கிராமத்தில் கொன்ராட் என்று ஓர் உழவன். மகா சந்தேகப் பேர்வழி!

தரிசு நிலத்தில் தீவனப்புல் விதைக்கலாம் என்றார்கள். "மண்ணைக் கெடுக்கவா?" என்றான். உருளைக்கிழங்கு வந்தது. "மண்ணுக்குள்ளே ஒளிந்து விளைவதை மனுஷன் தின்பானா?" என்றான். மூன்றாவதாக, பால் கறக்கிற கிரேட்டாவைச் சந்தேகப்பட்டான்.

ஊரில் பாதி முகங்களில் பெரியம்மைத் தழும்பு. ஊருக்கு மூன்று முறை அம்மை வந்தும் கிரேட்டாவின் முகம் மழமழவென்று இருந்தது. கொன்ராட் படைக்குப் போயிருந்தபோது அவன் மனைவியை அந்த நோய்தான் கொண்டுபோயிற்று. அவனுக்கு வயிறு எரிந்தது. "சூனியக்காரி!" என்றான். ஊரும் நம்பி, அவளை ஊர் எல்லையில் இருந்த மாட்டுக் கொட்டகைக்குத் துரத்தியது, பாவம்.

அடுத்த ஊரில் மறுபடி அம்மை. கொன்ராடின் வீட்டில் ஆறு வயது மகள் லீசல். சூனியத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மூன்று நாள் வேலிக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தான். அவள் பால் கறந்தாள், சாணி அள்ளினாள், வைக்கோல் போட்டாள். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஆனால் அவளைப் பார்க்க வந்த இரண்டு பால்காரிகளின் முகத்திலும் தழும்பில்லை! எல்லாருமா சூனியக்காரிகள்? அவனுக்குத் தன் சந்தேகத்தின் மேலேயே சந்தேகம் வந்தது.

நேரே போய்க் கேட்டான். கிரேட்டா கையிலிருந்த வடுவைக் காட்டினாள். "பசு மடியில் வருகிற கொப்புளம், ஐயா. கறக்கிற கையில் ஒட்டும், தானே ஆறிவிடும். அப்புறம் பெரியம்மை அண்டாது."

"என் மகளுக்கும் ஒட்டவை."

"பிள்ளைக்கு ஒன்று ஆனால் என்னைக் கொளுத்தமாட்டீர்களா? உங்களை எப்படி நம்புவது?"

கொன்ராட் வெட்கித் தலைகுனிந்தான். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினான். "முதலில் எனக்கு."

பசு மடிக் கொப்புளத்து நீரை அவன் கையில் கீறித் தடவினாள் கிரேட்டா. அவனுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, கொப்புளம் ஆறியது. அப்புறம்தான் லீசலுக்கு. அம்மை ஊருக்குள் வந்து வீடு வீடாக ஏறியது; அவர்களைத் தொடவில்லை.

ஊரார் கம்போடு வந்து நின்றார்கள். "உன் வீட்டை மட்டும் ஏன் விட்டது? நீயும் சூனியக்காரன்தானே?"

எல்லாம் அவன் சொல்லிக்கொடுத்த பேச்சு! "தாராளமாகச் சந்தேகப்படுங்கள்," என்றான். "ஆனால் அடிக்கும் முன்னே ஒருமுறை கொட்டகைக்கு வந்து பாருங்கள். நான் பார்க்காமலே பழி சொன்ன பாவி."

கூட்டத்தில், போன வாரம் ஒரு பிள்ளையைப் புதைத்த தாய் கம்பைக் கீழே போட்டாள். இருக்கிற ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கொட்டகையைப் பார்த்து ஓடினாள்.

சந்தேகப்படுவது குற்றமில்லை, சோதித்துப் பார்க்காமல் பழி சுமத்துவதே குற்றம்.