வகுபடாத லட்டு

எங்க மக கல்யாணத்துக்குச் சமையல் பேச வெள்ளைச்சாமி மாஸ்டர் வந்திருந்தாரு. அவருக்கு முன்னால வெத்தலைத் தட்டு. தட்டு மேல என் பொண்டாட்டி சௌந்தரத்தோட கை.

"மொதல்ல இதைச் சொல்லுங்க மாஸ்டர். போன ஆவணியில எங்க அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்கதானே சமையல்? கடைசிப் பந்திக்கு ஏன் லட்டு வரல? அந்தப் பந்தியிலதான் நான் உக்காந்திருந்தேன்."

இந்த ஆர்டரை விட்டா தை மாசத்துக்கு அவருக்கு வேற ஆர்டர் கிடையாது, ஊருக்கே தெரியும். ஆனாலும் மனுசன் அசரலையே! துண்டை உதறித் தோள்ல போட்டாரு.

"நல்லாக் கேட்டீங்க போங்க! அன்னைக்கு நான் புடிச்ச லட்டு எத்தனை தெரியுமாக்கா? ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூத்தி முப்பத்து மூணு!"

"மண்டபத்துல முந்நூறு பேர்தானே இருந்தோம்?"ன்னேன்.

"குறுக்க பேசாதீங்கண்ணே, பாகு முறுகிடும். கடைசிப் பந்திக்கு முன்னாலயே ரெண்டு சம்பந்தியும் பங்கு கேட்டு வந்துட்டாங்க. ரெண்டாப் பிரிச்சேன், ஒண்ணு மிச்சம். தாய்மாமனைச் சேத்து மூணாப் பிரிச்சேன், ரெண்டு மிச்சம். மேளக்காரர், வாட்ச்மேன், வாசல்ல செருப்பு பாத்துக்கிட்டவர், எல்லாரையும் சேத்துப் பாத்துட்டேன். ம்ஹும்! பகா எண்ணுக்கா அது. ஒருத்தரே அம்புட்டையும் திங்கணும், இல்லாட்டி ஏழு கோடிச் சொச்சம் சம்பந்தி வேணும். அங்க ரெண்டு பேருக்கே அடிதடி!"

"எங்க அண்ணன் அப்ப மாடியில தூங்கிட்டு இருந்தாரு."

"தூக்கத்துலயே சண்டை போட்டாருக்கா, அதைக் கேளுங்க! எண்ணிக்கையை ஸ்டோர் ரூம் செவுத்துல கரியால எழுதி வச்சிருந்தேன். எங்கிருந்தோ ஒரு வெள்ளாடு வந்து கடைசி மூணை நக்கிருச்சு. உள்ள போய் எண்ணினா லட்டு எழுபத்திமூணு லட்சத்துச் சொச்சம்தான் இருக்கு! சரி, இதாவது வகுபடும்னு பாத்தா, அதுவும் பகா எண்ணு. அடுத்த மூணை நக்குச்சு, வகுபடல. ஒண்ணை நக்குச்சு, ஒன்பதை நக்குச்சு. நக்க நக்க லட்டு கரையுதே ஒழிய வகுபட மாட்டேங்குது!"

எங்க மக போன்ல தட்டித் தட்டிப் பாத்துட்டு, "அது மட்டும் நெசம்தாம்ப்பா"ன்னா. மாஸ்டருக்கு ஒரே குஷி.

"பாத்தீங்களா! கடைசியில செவுத்துல ஏழுதான் பாக்கி. உள்ள ஏழே ஏழு லட்டு. அதுவும் பகா எண்ணு! வெட்டுக்குத்து ஆச்சுன்னா அந்தப் பொண்ணு வாழ்க்கை என்னாகும்? கண்ணை மூடிக்கிட்டு ஏழையும் நானே தின்னுட்டேன்!"

சௌந்தரம் அலட்டிக்கவே இல்ல. "ஒண்ணை மட்டும் தின்னிருந்தா ஆறு. ஆளுக்கு மூணு."

மாஸ்டர் விரலை மடக்கி மூணு மூணா எண்ணிப் பாத்தாரு. எனக்கே பாவமாப் போச்சு. அவளுக்கும்தான் போல, தட்டை அவர் பக்கம் தள்ளினா.

"சமையல் நீங்களே பண்ணுங்க. சாம்பார் வைங்க, ரசம் வைங்க, பாயசம் வைங்க. எண்ணுற மாதிரி மட்டும் எதுவும் செய்யாதீங்க. லட்டைக் கடையில வாங்கிக்கிறோம்."

தட்டை எடுத்துக்கிட்ட மாஸ்டர் மெதுவாக் கேட்டாரு: "அப்பளம்க்கா?"

"அதை நான் பொரிச்சுக்கிறேன்."