அண்ணாந்து குடிப்பவள்

பயந்த சுபாவக்காரர்கள் இதைப் பகலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில், ஒரே அறையில் நால்வர். சேர்ந்தபோதே மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இந்த மகாராணிகளுக்கு நேரம் வாய்க்கவில்லை. பரீட்சை முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். ஒருநாள் காலை அவர்களில் ஒருத்தி, ஷர்மிளா, தலைவலி என்று படுத்தாள். மாலையில் நினைவில்லாமல் ஆம்புலன்ஸில் போனாள். மூளைக்காய்ச்சல்தான் என்று மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது.

மற்ற மூவரும் அந்தக் காலிக் கட்டிலைப் பார்க்கப் பயந்து மெஸ்ஸில் போய் உட்கார்ந்தார்கள். வார்டன் ஜெபமணி ஊரெல்லாம் அலைந்தும் ஒருவருக்கான ஊசி மருந்துதான் கிடைத்தது. போட்டுவிட நர்ஸ் வந்துகொண்டிருந்தார்.

"ஷர்மிளா வாய் வச்ச பாட்டில்லதான் நானும் குடிச்சேன். எனக்குப் போடுங்க மேடம்" என்று அழுதாள் பெனிட்டா.

"எனக்குச் சின்ன வயசிலேயே மண்ணீரலை எடுத்துட்டாங்க. இந்த மாதிரி காய்ச்சல் வந்தா தாங்கமாட்டேன்னு டாக்டரே சொல்லியிருக்காரு" என்றாள் நஸ்ரின்.

மூன்றாமவள் அபிராமி, எவர் பாட்டிலிலும் வாய் வைக்காத சுத்தக்காரி. சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்து, தட்டை மோவாய் வரை தூக்கிப் பிடித்து ரசம் சாதத்தை அளைந்துகொண்டிருந்தாள். "நான் அண்ணாந்துதானே குடிப்பேன், எனக்கு ஒண்ணும் வராது. அவங்களுக்கே போடுங்க. அந்த லைட்டை மட்டும் அணைச்சிடுங்க மேடம், கண்ணு கூசுது" என்றாள்.

என்ன பெருந்தன்மை என்று வார்டனுக்குக் கண் கலங்கியது. மற்ற இருவரில் யாருக்கு என்றுதான் தெரியவில்லை. தப்பாக முடிவெடுத்தால் ஓர் உயிர் போய்விடுமே என்று தவித்தார்.

கெட்டிக்காரர்களே, உள்ளே வந்த நர்ஸ் முதலில் யாரைக் கவனித்திருக்க வேண்டும்?

அபிராமியைத்தான். "மோவாயால நெஞ்சைத் தொடும்மா" என்றார் நர்ஸ். அவளால் கழுத்தை வளைக்க முடியவில்லை. தட்டை ஏன் தூக்கிப் பிடித்தாள் என்பது அப்போதுதான் வார்டனுக்கு உறைத்தது. கழுத்து விறைப்பதும் வெளிச்சத்துக்குக் கண் கூசுவதும் மூளைக்காய்ச்சலின் அடையாளங்கள். அண்ணாந்து குடித்தால் போதுமா? பக்கத்துக் கட்டிலில் இருப்பவள் இருமினாலும் தொற்றும். அபிராமியை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தடுப்பூசி உடம்பில் வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால் மற்ற இருவருக்கும் நோய் தொற்றாமல் தடுக்கும் மாத்திரையை அன்றே கொடுத்தார்கள். ஊசி நஸ்ரினுக்கு. ஷர்மிளா பிழைத்தாள், அபிராமியும் பிழைத்தாள். இப்போது புதிதாகச் சேரும் பிள்ளைகள் யாராவது "ஊசி அப்புறம் போட்டுக்கறேன்க்கா" என்றால், அபிராமி தலையைத் திருப்பி, "இந்தப் பக்கம் வந்து சொல்லு, அந்தக் காய்ச்சல்ல மத்தக் காது போயிடுச்சு" என்கிறாள்.